பெயரில்லாத பாட்டும் பக்கத்துப் பாட்டும்: வாசகர் கேள்வி–பதில்

கணினியில் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்ட பாட்டுகளை, ஒலியை வைத்தே அடையாளம் காண்பதும் அடுக்குவதும் தேடுவதும் பற்றி வந்த கேள்விகளில் சில.

என் ஹார்டு டிஸ்கில் ஏறக்குறைய 40,000 எம்பி3 பாட்டுகள். பாதிக்கு மேல் ‘ட்ராக் 01’ என்றோ, இறக்கிய தளத்தின் பெயரோடோ கிடக்கின்றன. பாட்டைக் கேட்டு கணினியே பெயர் போடுமா? – தஞ்சாவூர் வாசகர்

போடும். ஆனால் அது வெளியான பதிவாக இருக்க வேண்டும். அதன் ஒலிக் கைரேகையை யாராவது ஏற்கெனவே சேர்த்தும் வைத்திருக்க வேண்டும். மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். அது அக்கவுஸ்ட்ஐடி என்ற சேவையிடம் கேட்டுப் பெயரைக் கண்டுபிடிக்கிறது. பாட்டின் முதல் 120 விநாடியை எடுத்து, ஒற்றைச் சேனலாக்கி, 11,025 ஹெர்ட்ஸுக்குக் குறைத்து, சிறு சிறு துண்டுகளில் 12 சுரஸ்தானங்களில் எது எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்து ஓர் எண்வரிசை ஆக்குகிறது. அதுதான் கைரேகை. 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஆனாலும் சிடியிலிருந்து எடுத்த ஃபிளாக் (ஒலித்தரம் இழக்காத கோப்பு வகை) ஆனாலும் எண்வரிசை கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். வேகமோ சுருதியோ மாறியிருந்தால் மட்டும் வராது.

முதல் வேலை, நகல் எடுப்பது. பாட்டுக்குச் சராசரி 5 நிமிடம், 128 கேபிபிஎஸ் என்று வைத்தால் ஒன்றுக்கு 4.8 எம்பி, 40,000 பாட்டுக்கு 192 ஜிபி. நகல் தனியாக இருக்கிறது என்று உறுதியாகும் வரை, கோப்புக்குள் இருக்கும் பாட்டு விவரமான டேக் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள். அடுத்து, பிக்கார்டின் ‘ஆப்ஷன்ஸ்’ மெனுவில் ‘ரீநேம் ஃபைல்ஸ்’, ‘மூவ் ஃபைல்ஸ்’ இரண்டிலும் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டேக் சரியாக விழுகிறதா என்று தெரிந்த பிறகு பெயர் மாற்றலாம்.

40,000 பாட்டையும் ஒரே இழுப்பில் போட்டால் மென்பொருள் திணறும். 300 முதல் 500 வரை இடப்பக்கப் பலகையில் இழுத்துப் போடுங்கள். ‘லுக்கப்’ என்ற பொத்தான் ஏற்கெனவே உள்ள டேகை வைத்துத் தேடும். உங்கள் டேக் குப்பையாக இருப்பதால் அது உதவாது. ‘ஸ்கேன்’ அழுத்துங்கள், அதுதான் ஒலியைக் கேட்கும். அடையாளம் கிடைத்தவை வலப்பக்கம் போகும். பக்கத்தில் உள்ள சிறு குறி பச்சையானால் நல்ல பொருத்தம். மஞ்சள், சிவப்பு என்று போனால் கேட்டுப் பார்த்த பிறகே ‘சேவ்’ கொடுங்கள்.

திரைப்பாட்டுச் சேகரிப்பில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பாட்டு சரியாக இருக்கும், படத்தின் பெயர் வராது; ஏதோ ‘சூப்பர் ஹிட்ஸ்’ தொகுப்பின் பெயர் வந்து உட்கார்ந்திருக்கும். அதே பதிவு பத்துத் தொகுப்புகளில் இருப்பதுதான் காரணம். ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘மெட்டாடேட்டா’, அதற்குள் ‘ப்ரிஃபர்டு ரிலீசஸ்’ பகுதியில் ‘கம்பைலேஷன்’ அளவைக் கீழே இறக்கி, ‘சவுண்ட்ட்ராக்’ அளவை மேலே ஏற்றுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

டேகுக்கு ஒரே விதி வைத்துக்கொள்வதும் முக்கியம். ஆர்ட்டிஸ்ட் என்றால் பாடகர், கம்போசர் என்றால் இசையமைப்பாளர், ஆல்பம் என்றால் படம். பாதியில் இசையமைப்பாளரை ஆர்ட்டிஸ்ட் இடத்தில் போட்டால் பின்னால் எந்த வடிகட்டலும் வேலை செய்யாது. பழைய கார் ஸ்டீரியோவில் கேட்பவர் என்றால் டேக் எழுதும் முறையான ஐடி3இன் பதிப்பை 2.3 என்று மாற்றி வையுங்கள், 2.4 பதிப்பைப் பல பழைய கருவிகள் படிக்காது.

அடையாளம் காணாமல் ஒரு பகுதி மிஞ்சும். கச்சேரிப் பதிவு, வானொலியிலிருந்து எடுத்தது, தொடக்கத்தில் தளத்தின் விளம்பரக் குரல் ஒட்டியது, கேசட்டிலிருந்து மாற்றியது எல்லாம் அதில் இருக்கும். பெயர் தெரிந்தவற்றுக்கு நீங்களே மியூசிக்பிரெயின்ஸ் என்ற பொதுத் தகவல் தளத்தில் விவரம் ஏற்றி, ‘சப்மிட் அக்கவுஸ்ட்ஐடிஸ்’ கொடுத்தால் கைரேகையும் சேரும். தமிழ்ப் பாட்டுகள் அங்கே குறைவாக இருப்பதற்கு நாம் ஏற்றாததே காரணம். தயவுசெய்து ஏற்றுங்கள்.

ஒரே பாட்டு மூன்று நான்கு இடத்தில் இருக்கிறது. பிட்ரேட் அதிகமாக இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாமா? – கோவை வாசகி

வேண்டாம். 128 கேபிபிஎஸ் கோப்பை யாரோ 320க்கு மாற்றி வைத்திருக்கலாம். அளவு பெருகும், ஒலி பெருகாது. ஸ்பெக் என்ற சிறு இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டு அலைமாலைப் படத்தை (எந்த அதிர்வெண் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று காட்டும் படம்) பாருங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 பொதுவாக 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தரித்ததுபோல் நேர்கோட்டில் நின்றுவிடும். 320 என்று சொல்லும் கோப்பு அதே இடத்தில் வெட்டுப்பட்டிருந்தால் அது மாற்றி எழுதியது. வெட்டு நேர்கோடாக இல்லாமல், மேலே போகப் போக மெல்ல மங்கினால் அது வேறு விஷயம்: 1950, 60களின் பதிவுகளில் உயர் அதிர்வெண் இயல்பாகவே குறைவு. அதைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்று, சத்தமாக இருப்பதே நல்லது என்று காது ஏமாறும். சத்த அளவைச் சமமாக்காமல் இரண்டு நகல்களை ஒப்பிடக் கூடாது. சத்தத்தைச் சமமாக்கும் ரீப்ளேகெயின் வசதியை ஓட்டினால் இரண்டும் –18 எல்யூஎஃப்எஸ் (சத்த அளவின் அலகு) என்ற ஒரே மட்டத்துக்கு வரும். அதன்பின் கேட்டால், புதிதாக மாஸ்டர் செய்தது (வெளியீட்டுக்கு ஒலியை இறுதியாகச் சரிசெய்தது) என்ற பெயரில் நசுக்கப்பட்ட நகல் எது என்று தெரிந்துவிடும். கைரேகை ஒன்றாக இருக்கிறது என்பதற்காகவும் அழிக்க வேண்டாம். பாடகர் குரலை மட்டும் எடுத்துவிட்ட கரோக்கிக்கும் சில நேரம் அதே அடையாளம் விழும்.

ஒரு பாட்டைக் கொடுத்தால் ‘இதைப்போல் ஒலிக்கும்’ பாட்டுகளைத் தரும் வசதி பற்றிக் கேள்விப்பட்டேன். வீட்டில் உள்ள கோப்புகளுக்கும் கிடைக்குமா? அது எதைத்தான் கேட்கிறது? – சென்னை வாசகர்

கிடைக்கும். லிரியன் மியூசிக் சர்வர் (முன்பு லாஜிடெக் மீடியா சர்வர்) இலவசம். அதில் ப்ளிஸ் மிக்சர் செருகுநிரலைச் சேர்க்கலாம். எம்பிடி என்ற இசை சர்வர் பயன்படுத்துவோருக்கு ப்ளிஸ்ஸிஃபை. காசு கொடுக்கத் தயார் என்றால் பிளெக்ஸ் சர்வரும் பிளெக்ஸ்ஆம்ப் செயலியும். ஆனால் ஒலி ஆய்வுக்கு பிளெக்ஸ் பாஸ் சந்தா வேண்டும். அதில் ‘சோனிக் அட்வெஞ்சர்’ என்று ஒரு வசதி: தொடக்கப் பாட்டு ஒன்று, முடிவுப் பாட்டு ஒன்று சொன்னால், நடுவில் ஒலி படிப்படியாக மாறிப் போகும்படி பாட்டுகளை அடுக்கும். பெரிய சேகரிப்பை மறுபடி கண்டுபிடிக்க இதைவிட இனிமையான வழி குறைவு.

எதைக் கேட்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் எதைக் கேட்கவில்லை என்பதும் அதிலேயே தெரியும். பழைய முறையில் பாட்டை 20–50 மில்லிவிநாடித் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் ஒலிநிறத்தையும் (குழலையும் வீணையையும் காதுக்கு வேறாக்கும் தன்மை) 13 அல்லது 20 எண்களாகச் சுருக்குவார்கள். பிறகு பாட்டு முழுவதற்கும் அந்த எண்களின் சராசரியும், அவை எப்படிச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற கணக்கும் எடுப்பார்கள். துண்டுகளின் வரிசை இதில் காணாமல் போகிறது: பாட்டைப் பின்னோக்கி ஓட்டினாலும் ஏறக்குறைய அதே எண்கள்தான் வரும். ஆகவே குழலும் மெல்லிய தபேலாவும் கொண்ட இரண்டு பாட்டுகள் பக்கத்தில் வரும். ஒரே மெட்டில் அமைந்த, வேறு வாத்தியங்கள் கொண்ட இரண்டு பாட்டுகள் எங்கெங்கோ கிடக்கும். ப்ளிஸ் இதோடு தாளவேகம், சத்த மட்டம், சுர விநியோகம் ஆகியவற்றையும் அளக்கிறது. எதற்கு எவ்வளவு எடை என்று நீங்களே மாற்றலாம். பிளெக்ஸ், எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் நரம்பு வலையமைப்பைப் பயன்படுத்துகிறது. பாடல்வரி, படக்காட்சி, உங்கள் நினைவு எதுவும் எந்த முறையிலும் கணக்கில் இல்லை.

ஆய்வு ஓட நேரமெடுக்கும். முதலில் 50 பாட்டுக்கு ஓட்டி, கடிகாரத்தைப் பாருங்கள். பாட்டுக்கு 3 விநாடி என்றால் 40,000 பாட்டுக்கு 33 மணி நேரத்துக்கு மேல். மடிக்கணினி என்றால் சூடாகும்; இரவில் ஓடவிட்டு, தூங்கும் நிலைக்குப் போகாதபடி அமைத்துவிடுங்கள்.

அப்படி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் அதே படத்துப் பாட்டுகள், அல்லது திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுப் பாட்டுகள் வருகின்றன. ஏன்? – மதுரை வாசகர்

இவை இரண்டு தனித்தனி நோய்கள்.

அதே படம் வருவதற்குக் காரணம், ஒரே ஸ்டூடியோ, ஒரே ஒலிப்பதிவாளர், ஒரே மாஸ்டரிங், ஒரே எம்பி3 மாற்றம். இசையைவிட இந்தப் பதிவுச் சாயல்தான் எண்களில் ஓங்கி நிற்கிறது. அமைப்பில் ‘அதே ஆல்பம் திரும்ப வேண்டாம்’, ‘அதே கலைஞர் திரும்ப வேண்டாம்’ என்பவற்றை வைத்தால் தீரும். டேக் சரியாக இருந்தால்தான் இது வேலை செய்யும்; ஆல்பம் என்ற இடத்தில் தளத்தின் பெயர் இருந்தால் மொத்தச் சேகரிப்பும் ஒரே ஆல்பம்தான். முதல் கேள்விக்கான பதிலை முடித்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும்.

ஏழெட்டுப் பாட்டு எல்லா இடத்திலும் தலைகாட்டுவதை ஆய்வாளர்கள் ‘ஹப்’ என்பார்கள். ஒரு பாட்டை விவரிக்கும் எண்களின் எண்ணிக்கை கூடும்போது, சராசரிக்குப் பக்கத்தில் இருக்கும் சில பாட்டுகள் கணக்குப்படி எல்லாவற்றுக்கும் அண்டை ஆகிவிடும். காதுக்கு எந்த ஒற்றுமையும் இருக்காது. ஆய்வாளர்கள் ஒகுட்டூரியே, பாஷே இருவரும் 2004லேயே இதைக் காட்டினார்கள். ஒலிநிறத்தை மட்டும் வைத்து எவ்வளவு முயன்றாலும் துல்லியம் சுமார் 65 சதவீதத்தில் முட்டி நிற்கிறது என்பதும் அவர்கள் கண்டதே. தீர்வு, ‘இது அதற்கு அண்டையா’ என்று மட்டும் பார்க்காமல், ‘அது இதற்கும் அண்டையா’ என்று இருபுறமும் கேட்பது. உங்கள் மென்பொருளில் அந்த வசதி இல்லையென்றால், 20 வெவ்வேறு பாட்டுகளுக்குப் பட்டியல் எடுத்து, அவற்றில் ஐந்து முறைக்கு மேல் வரும் பாட்டுகளைத் தானியங்கிக் கலவையிலிருந்து விலக்கிவிடுங்கள். அவற்றில் சில பிழையான கோப்புகளாகவும் இருக்கலாம்: பாதியில் அறுந்தது, நீண்ட மௌனம் ஒட்டியது, இரைச்சல் நிறைந்தது. விலக்கும்முன் ஒருமுறை கேளுங்கள்.

கர்நாடக இசைப் பதிவுகள் 600 மணி நேரம் இருக்கின்றன. ராகவாரியாகக் கணினியே பிரிக்குமா? டிஜே மென்பொருளின் ‘கீ’ கண்டுபிடிப்பைப் பயன்படுத்தலாமா? – திருநெல்வேலி வாசகி

‘கீ’ கண்டுபிடிப்பு வேண்டவே வேண்டாம். அது மேஜர், மைனர் என்று 24 பெட்டிகள்தான் வைத்திருக்கிறது. கல்யாணியையும் சங்கராபரணத்தையும் ஒரே பெட்டியில் போட்டுவிடக்கூடும். தோடியை என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது.

சரியான வரிசை, முதலில் ஆதார ஷட்ஜம் (பாடுபவரின் அடிப்படைச் சுரமான ‘ஸ’), பிறகுதான் மற்றச் சுரங்கள். ஒரே மோகனத்தை ஒருவர் ஒரு கட்டைச் சுருதியிலும் இன்னொருவர் ஐந்து கட்டையிலும் பாடுகிறார். ஷட்ஜத்தை ஒரே இடத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பிட முடியாது. இங்கேதான் தானியங்கி முறைகள் சறுக்கும். தம்புராவில் பஞ்சமத் தந்தி தனியாக ஒலிக்கிறது. ஷட்ஜத் தந்தியில் மூன்று மடங்கு அதிர்வெண்ணில் எழும் மேற்சுரமும் பஞ்சமமே. அதனால் கணினி பஞ்சமத்தை ஷட்ஜம் என்று எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்துக்கொண்டால் மோகனம் சுத்த சாவேரி ஆகிவிடும். ரிஷபத்தை எடுத்துக்கொண்டால் மத்யமாவதி, காந்தாரத்தை எடுத்துக்கொண்டால் ஹிந்தோளம். கிரக பேதம் (ஷட்ஜத்தை வேறு சுரத்துக்கு மாற்றி வேறு ராகம் காண்பது) தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பட்டியலில் ராகம் தப்பாக விழுந்தால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தே எங்கே பிழை என்று கண்டுபிடிக்கலாம்.

ஷட்ஜத்தைக் கையால் குறிப்பதே நம்பகமானது. ஒரு கச்சேரிக்கு ஒருமுறை போதும். லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் சோனிக் விஷுவலைசர் இலவசம். பதிவைத் திறந்து, ‘மெலோடிக் ரேஞ்ச் ஸ்பெக்ட்ரோகிராம்’ அடுக்கைச் சேர்த்து, தம்புரா மட்டும் ஒலிக்கும் தொடக்கத்தில் பாருங்கள். அசையாமல் நீளும் கோட்டின்மேல் சுட்டியை வைத்தால் அதிர்வெண் காட்டும். 131 ஹெர்ட்ஸ் பக்கம் என்றால் ஒரு கட்டை, 139 ஒன்றரை, 147 இரண்டு, 196 ஐந்து, 208 ஐந்தரை. இரண்டு கோடுகளில் எது ஷட்ஜம் என்று ஐயம் வந்தால், பாட்டு முடியும் இடத்தைக் கேளுங்கள். மிருதங்கத்தின் வலந்தலையும் ஷட்ஜத்துக்கே கூட்டப்பட்டிருக்கும். அந்த எண்ணை எம்பி3டேக் என்ற டேக் எழுதும் மென்பொருளில் ‘சுருதி’ என்று ஒரு தனிப் புலம் உண்டாக்கி எழுதி வையுங்கள். ராகப் பட்டியல் வராவிட்டாலும், சுருதி வாரியாகக் கேட்கும் வசதி ஒன்றே இந்த உழைப்புக்கு ஈடாகும்.

கச்சேரி ஒரே நீளக் கோப்பாக இருந்தால் முதலில் உருப்படிகளாக வெட்டுங்கள்; இல்லையென்றால் ஏழெட்டு ராகங்களின் சராசரிதான் கிடைக்கும். ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் கைதட்டல் வரும் இடங்களில் கன்ட்ரோல்–பி அழுத்தி லேபிள் இட்டு, ஏற்றுமதியில் பல கோப்புகள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தனி ஆவர்த்தனத்தை (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) தனிக் கோப்பாக்கிவிடுங்கள். அதில் ராகம் இல்லை, ஆய்வைக் கெடுக்கும்.

இத்தனைக்கும் பிறகு சுரங்களின் கணக்கு எவ்வளவு சொல்லும்? சுரங்களே வேறான ராகங்களை நன்றாகப் பிரிக்கும். ஆரபியையும் தேவகாந்தாரியையும் பிரிக்காது. ஆரோகண அவரோகணம் ஒன்றே. பிடிகளும் (ராகத்துக்கே உரிய சுரத்தொடர்கள்) கமகமும் (சுர அசைவு) நடையின் நிதானமும்தான் இரண்டையும் வேறாக்குகின்றன. 12 பெட்டிக் கணக்கில் தோடியின் காந்தாரம் மூன்று பெட்டிகளில் சிதறிவிடும். ஒரு ஸ்தாயியை 1,200 சென்ட் என்ற நுண்ணிய அளவுகளாகப் பிரித்துப் பார்த்தால்தான் அதன் உருவம் தெரியும். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் சென்னை ஐஐடி முதலியவற்றோடு சேர்ந்து நடத்திய காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம் இப்படிப்பட்ட முறைகளையும் பிடிகளைத் தேடும் முறைகளையும் உருவாக்கியது. எசென்ஷியா என்ற அதே பல்கலைக்கழகத்தின் நிரலகம் இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தான் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் உதவி கேளுங்கள். ராகப் பெயரை மட்டும் கணினி எழுத விடாதீர்கள். அது ஐந்து ராகங்களை முன்மொழியட்டும். ஒன்றை எழுதுவது நீங்களாக இருங்கள்.

கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டுகள் எதையும் மென்பொருள் அடையாளம் காணவில்லை. – யாழ்ப்பாணம் வாசகர்

வேகம்தான் காரணம். கேசட் நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். பெல்ட் தளர்ந்த பிளேயரில் 3 சதவீதம் பிசகினால் சுருதி 51 சென்ட் மாறும், அதாவது அரைச்சுரத்தில் பாதி. 6 சதவீதம் என்றால் முழு அரைச்சுரம். கைரேகை பொருந்தாது, பாடகர் குரலும் கொஞ்சம் கீச்சென்றோ கனத்தோ இருக்கும்.

அதே நாடாவில் சிடியாக வெளிவந்த பாட்டு ஒன்று இருந்தால் அதன் நீளத்தோடு ஒப்பிட்டு விகிதத்தைக் கண்டுபிடியுங்கள்: சிடியில் 240 விநாடி, உங்களிடம் 233 என்றால் 3 சதவீதம் வேகம். முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை அளக்க வேண்டும். முன்பின் மௌனத்தைச் சேர்க்கக் கூடாது. அப்படிப் பாட்டு இல்லையென்றால் மின்சார ரீங்காரத்தைத் தேடுங்கள். நம் பக்கம் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். பதிவு செய்தபோது நாடாவில் ஏறிய ரீங்காரம் இப்போது 51.5 ஹெர்ட்ஸில் தெரிந்தால் நாடா 3 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. மிகச் சரியாக 50இல் ஒரு கோடு தெரிந்தால் அதை நம்பாதீர்கள். கணினிக்கு மாற்றியபோது உங்கள் வயர் சேர்த்த கோடாக இருக்கலாம். பக்கத்தில் மங்கலாக இரண்டாவது கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆடாசிட்டியில் வேகமும் சுருதியும் சேர்ந்தே மாறும் கட்டளையால் திருத்துங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கட்டளையைத் தொடாதீர்கள். மாற்றியதை ஃபிளாக்காகச் சேமித்து, மறுபடி ‘ஸ்கேன்’ ஓட்டுங்கள்.

ஒரே குத்துப்பாட்டுக்கு ஒரு மென்பொருள் 84 பிபிஎம், இன்னொன்று 168 என்கிறது. – சேலம் வாசகர்

பிபிஎம் என்பது நிமிடத்துக்கு விழும் தட்டுகளின் எண்ணிக்கை. இரண்டும் ஒரே தாளம்தான். ஒன்று இரட்டிப்பாக எண்ணுகிறது. மிக்ஸ் என்ற இலவச டிஜே மென்பொருளில் வலச்சொடுக்கி இரட்டிப்பாக்கலாம், பாதியாக்கலாம், பிறகு பூட்டியும் வைக்கலாம். திஸ்ர நடை (தட்டுக்கு மூன்று பிரிவு) பாட்டுகளில் இன்னொரு பிழை வரும்: 80ஐ 120 என்று, ஒன்றரை மடங்காகச் சொல்லும். 70க்கும் 140க்கும் இடையில் எல்லாவற்றையும் அடக்குவது என்று விதி வைத்துக்கொண்டு, திஸ்ரப் பாட்டுகளை மட்டும் கையால் தட்டிப் பாருங்கள்.

இசையமைப்பு பழகுகிறேன். தவில், உறுமி, பறை, உடுக்கை என்று 9,000 சிறு ஒலித்துண்டுகள் இருக்கின்றன. கோப்புறைக்குள் தேடித் தேடி நேரம் போகிறது. – புதுச்சேரி வாசகர்

துண்டுகளுக்கு ஒலி வரைபடம் மிகப் பொருத்தம்; முழுப்பாட்டைவிடப் பல மடங்கு நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் ஒரு துண்டில் ஒரே ஓசைதான். அர்ஜென்டினாவில் உருவான ஆடியோஸ்டெல்லார் இலவசம், திறமூலம். கோப்புறையைக் காட்டினால் ஒவ்வொரு துண்டையும் ஒரு புள்ளியாக்கித் திரையில் பரப்பும். சுட்டி தொட்டால் ஒலிக்கும். காசு கொடுத்தால் சோனோனிம். அதில் ஒலிநிறம், சுருதி, சத்தத்தின் வடிவம் ஆகியவற்றுக்குத் தனித்தனி எடை வைத்துத் தேடலாம்.

முன்னேற்பாடு செய்யாமல் போட்டால் படம் குழம்பும். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் உள்ள மௌனத்தை வெட்டுங்கள்: தட்டல் 0 விநாடியில் தொடங்கும் துண்டும் 0.3 விநாடியில் தொடங்கும் துண்டும் ஒரே ஒலியானாலும் தூரத்தில் போய் விழும். சத்த உச்சத்தைச் சமப்படுத்துங்கள். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் ஓடும், திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் லூப்புகளைத் தனிக் கோப்புறைக்கு மாற்றுங்கள். ஒற்றைத் தட்டலோடு கலந்தால் படம் நீளத்தை வைத்தே பிரியும், வாத்தியத்தை வைத்துப் பிரியாது.

படத்தைப் படிப்பதில் ஒரு எச்சரிக்கை. ஒத்த ஒலிகளைப் பக்கத்தில் வைக்கும் டி–எஸ்என்இ முறையில் வரைந்த படத்தில் பக்கத்துப் புள்ளிகள் உண்மையில் ஒத்தவை. ஆனால் தூரத்தில் உள்ள இரண்டு கூட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குப் பொருள் இல்லை. தவில் கூட்டம் பறையைவிட உறுமிக்கு அருகில் தெரிகிறதே என்று எந்த முடிவுக்கும் வர வேண்டாம். மறுபடி ஓட்டினால் இடம் மாறிவிடும். அதனால் நல்ல படம் கிடைத்ததும் அந்தத் திட்டத்தைச் சேமித்துவிடுங்கள், புதிய துண்டுகள் நிறையச் சேரும் வரை திரும்ப ஓட்ட வேண்டாம். கோப்புகளின் இடத்தையும் பெயரையும் அதன்பின் மாற்றக் கூடாது. மாற்றினால் புள்ளி இருக்கும், ஒலி வராது.